பதினைந்து பேர் ஆட நாற்பது பேர் போவது ஏன்? ரக்பி டெஸ்ட் சுற்றுப்பயணம்: ஓர் அறிமுகம்

2022ஆம் ஆண்டு ஜூலை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், குளச்சலுக்குப் பக்கத்தில் இருக்கும் என் அக்காள் வீட்டில், மரச்சீனியும் மீன் குழம்பும் தட்டில் விழும் நேரத்துக்காகக் காத்திருந்தேன். மணி பன்னிரண்டரை தாண்டியிருந்தது. கைப்பேசியில் நியூசிலாந்தும் அயர்லாந்தும் மோதும் ரக்பி ஆட்டம் தொடங்கியது. தோளின் மேல் எட்டிப் பார்த்த மருமகன், "மாமா, டெஸ்ட் மேட்சுன்னு போட்டிருக்கே, அஞ்சு நாள் ஆடுவாங்களா?" என்று கேட்டான். கிரிக்கெட்டும் கால்பந்தும் பார்த்து வளர்ந்த எவருக்கும் எழக்கூடிய நியாயமான கேள்வி அது. அன்று அவனுக்குத் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே சற்று ஒழுங்காகச் சொல்ல முயல்கிறேன்.

ரக்பியில் டெஸ்ட் என்பது நாள் கணக்கைக் குறிப்பதில்லை. இரண்டு நாடுகளின் முதன்மை அணிகள் மோதும் முழுத் தகுதி பெற்ற ஆட்டம் எதுவாயினும் அது டெஸ்ட் ஆகும். பாதிக்கு நாற்பது நிமிடமாக எண்பது நிமிடத்தில் அது முடிந்துவிடும். அதில் களமிறங்கும் வீரருக்கு ஒரு 'தொப்பி' கணக்கில் சேரும். முற்காலத்தில் உண்மையாகவே தலையில் வைக்கும் தொப்பி கொடுத்தார்கள். இன்று அந்தச் சொல் பெரும்பாலும் எண்ணிக்கையாகவே வழங்குகிறது. முதல் சர்வதேச ரக்பி ஆட்டம் 1871 மார்ச் 27 அன்று எடின்பரோவில் ஸ்காட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் இடையே நடந்தது, ஸ்காட்லாந்து வென்றது.

ஆட்டத்தைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் இந்தக் கட்டுரைக்குப் போதும். ரக்பி யூனியனில் ஒரு பக்கத்துக்குப் பதினைந்து பேர். பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம், உதைக்கலாம்; ஆனால் கையால் முன்னோக்கி வீசக் கூடாது. எதிரணியின் கோட்டைக் கடந்து பந்தைத் தரையில் பதித்தால் அது 'ட்ரை', ஐந்து புள்ளி. அதன் பின் கம்பங்களுக்கு இடையே பந்தை உதைத்து அனுப்பினால் கூடுதலாக இரண்டு. தண்டனை உதைக்கு மூன்று, ஓட்டத்தின் நடுவே பந்தைத் தரையில் தட்டி எழும்பவிட்டு உதைக்கும் 'ட்ராப் கோலு'க்கும் மூன்று. பதின்மூன்று பேர் ஆடும் ரக்பி லீக் வேறு ஆட்டம். ஆட வருவதால் இழக்கும் கூலியை வீரர்களுக்கு ஈடுகட்டலாமா என்ற சண்டையில் 1895ஆம் ஆண்டு ஹடர்ஸ்ஃபீல்டு நகரில் பிரிந்து போனவர்களின் வழி அது. கூலிப் பிரச்சினையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

சிறு தவறுக்குப் பின் ஆட்டத்தை மறுபடி தொடங்கும் முறையான 'ஸ்க்ரம்' என்பதை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் சுற்றுப்பயணத்துக்கு எத்தனை பேரைக் கூட்டிச் செல்வது என்ற கணக்கையே அதுதான் பெரிதும் தீர்மானிக்கிறது. நம் கடற்கரையில் கரமடி இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். குதிகாலை மணலில் புதைத்து, ஒருவர் குரல் கொடுக்க, எல்லாரும் ஒரே மூச்சில் சாய்ந்தால்தான் வலை கரைக்கு வரும். நடுவில் ஒருவர் கை தளர்ந்தால் கயிறு அத்தனை பேர் உள்ளங்கையிலும் வழுக்கிவிடும். ஸ்க்ரமில் இழுப்பதற்குப் பதிலாகத் தள்ளுகிறார்கள் என்பதைத் தவிர வேறுபாடு இல்லை. அணிக்கு எட்டுப் பேர் ஒருவரையொருவர் பிணைத்துக்கொண்டு, தலைகளை எதிரணியின் தலைகளுக்கு இடையே கொடுத்து, முழு எடையையும் செலுத்துகிறார்கள். அந்த எடை வந்து இறங்குவது முன்வரிசை மூவரின் கழுத்திலும் தோளிலும். பயிற்சி இல்லாத ஒருவரை அந்த இடத்தில் நிறுத்துவது உயிருக்கே ஆபத்து என்பதால் விதியே அதைத் தடுக்கிறது. பயிற்சி பெற்ற மாற்று ஆள் இல்லையென்றால் தள்ளாமல் ஒப்புக்கு நடத்தும் ஸ்க்ரம்தான் மீதமிருக்கும். ஆகவே கடல் கடந்து போகும் அணி இந்த மூன்று இடங்களுக்கும் போதிய ஆட்களைத் தன்னோடு வைத்திருந்தே ஆக வேண்டும்.

இனி சுற்றுப்பயணத்துக்கு வருவோம். ஒரு நாட்டின் அணி இன்னொரு நாட்டுக்குச் சென்று, சில வாரங்களோ மாதங்களோ அங்கேயே தங்கி, அந்நாட்டுத் தேசிய அணியோடு டெஸ்டுகள் ஆடுவதும், அவற்றுக்கு இடையிலும் முன்னும் அந்நாட்டின் மாகாண அணிகளோடும் கழகங்களோடும் மோதுவதுமே மரபான ரக்பிச் சுற்றுப்பயணம். உலகக் கோப்பை 1987ஆம் ஆண்டுதான் தொடங்கியது. அதற்கு முந்தைய நூறாண்டுக் காலத்தில் வட அரைக்கோளமும் தென் அரைக்கோளமும் தங்கள் பலத்தை ஒப்பிட்டுப் பார்க்க இதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

தூத்தூர்ப் பகுதியிலிருந்து ஆழ்கடலுக்குப் போய் வாரக்கணக்கில் தங்கி மீன் பிடிக்கும் படகைத் தெரிந்தவர்களுக்கு இந்த அமைப்பு எளிதில் விளங்கும். காலையில் போய் மாலையில் திரும்பும் வள்ளத்தில் ஓர் ஆள் குறைந்தால் மறுநாள் வேறு ஆள் ஏறிக்கொள்வார். தங்கல் படகுக்கு அந்த வசதி கிடையாது. யார் சமைப்பது, என்ஜின் நின்றால் யார் பார்ப்பது, ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் அவர் வேலையை யார் செய்வது என்பதையெல்லாம் துறையை விட்டுக் கிளம்பும் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். வலை வீசத் தெரிந்தவரா என்பதோடு, இருபது நாள் ஒரே இடத்தில் முகம் சுளிக்காமல் இருக்கக்கூடியவரா என்பதையும் பார்த்துத்தான் ஆளை ஏற்றுவார்கள். ரக்பித் தேர்வாளர்களும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள். 1905ஆம் ஆண்டு நியூசிலாந்து இருபத்தேழு வீரர்களோடு புறப்பட்டது. 2022இல் அயர்லாந்து நாற்பது பேரை அழைத்துச் சென்றது. இன்று ஒரு டெஸ்டுக்கு மாற்று வீரர்களையும் சேர்த்து இருபத்து மூன்று பேர் மட்டுமே தேவை. மீதிப் பேர் எதற்காக என்பதில்தான் சுற்றுப்பயணத்தின் சாரம் இருக்கிறது என்பது என் கருத்து.

தொடக்கம் துயரமானது. 1888ஆம் ஆண்டு ஆல்ஃப்ரெட் ஷா, ஆர்தர் ஷ்ரூஸ்பரி என்ற இரண்டு கிரிக்கெட் வீரர்கள், பணம் ஈட்டும் நோக்கில், பிரிட்டிஷ் ரக்பி வீரர்களைத் திரட்டி ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் கப்பலேற்றினார்கள். முப்பத்தைந்து ரக்பி ஆட்டங்கள் நடந்தன, டெஸ்ட் ஒன்றுகூட இல்லை. கணக்கு இடிக்காமலிருக்க, முன்பின் ஆடிப் பழகாத ஆஸ்திரேலியக் கால்பந்தையும் அவர்களை ஆட வைத்தார்கள். தலைவர் ராபர்ட் செடன், பயணத்தின் நடுவே, நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் ஹன்டர் ஆற்றில் படகு ஓட்டியபோது மூழ்கி இறந்தார். அணி ஊர் திரும்பவில்லை. ஆண்ட்ரூ ஸ்டாடர்ட் தலைமையில் மீதி ஆட்டங்களை முடித்தது. இன்று 'பிரிட்டிஷ் அண்ட் ஐரிஷ் லயன்ஸ்' எனப்படும் அணியின் வரலாற்றை இந்தப் பயணத்திலிருந்துதான் எண்ணத் தொடங்குகிறார்கள். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து ஆகிய நான்கும் சேர்ந்த அந்த அணி, இன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா மூன்றில் ஒன்றுக்குச் செல்கிறது. ஆக, ஒரு நாடு அவர்களை மறுபடி காணப் பன்னிரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டும்.

எதிர்த்திசைப் பயணங்களில் 1905-06ஆம் ஆண்டு நியூசிலாந்து அணி மேற்கொண்டது பெரும்புகழ் பெற்றது. 'ஆல் பிளாக்ஸ்' என்ற பெயர் பரவியதே அப்போதுதான். முப்பத்தைந்து ஆட்டங்களில் முப்பத்து நான்கை வென்று, 976 புள்ளி எடுத்து, 59 மட்டுமே கொடுத்தார்கள். தோற்ற ஒன்று, 1905 டிசம்பர் 16 அன்று கார்டிஃபில் வேல்ஸிடம், 3-0. பாப் டீன்ஸ் கோட்டைக் கடந்து பந்தைப் பதித்தாரா, பதித்தபின் பின்னுக்கு இழுக்கப்பட்டாரா என்ற வழக்கு நூறாண்டு தாண்டியும் அங்கே தீரவில்லை. அதே நாட்டின் 1924-25 அணி பிரிட்டன், அயர்லாந்து, பிரான்ஸ், கனடா என முப்பத்திரண்டு ஆட்டங்களிலும் வென்றது. அந்த முப்பத்திரண்டிலும் பின்காவலராக ஆடிய ஜார்ஜ் நீபியாவுக்குப் புறப்பட்டபோது வயது பத்தொன்பது.

வார நடுவில் வரும் ஆட்டங்களைப் பற்றி விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். டெஸ்ட் பெரும்பாலும் சனிக்கிழமை நடக்கும். செவ்வாய் அல்லது புதன்கிழமை உள்ளூர் மாகாண அணியோடு ஓர் ஆட்டம் இருக்கும். டெஸ்டுக்குத் தேர்வாகாதவர்கள் தங்களைக் காட்டிக்கொள்வது அங்கேதான். உள்ளூர்க்காரர்களுக்கோ அது வாழ்நாளில் ஒருமுறை வரும் திருநாள். தேவாலயத் திருவிழாக் கால்பந்துப் போட்டியில் ஐந்தாறு நட்சத்திரங்களோடு வெளியூரிலிருந்து வேன் வந்து இறங்கும்போது, சொந்த ஊர்ப் பையன்களின் நெஞ்சு எப்படி அடிக்கும் என்பது கடியப்பட்டணம் முதல் நீரோடி வரை எல்லாருக்கும் தெரியும். எதிரணி பெரிய அணி என்பதே அன்று அவர்களுக்கு இரண்டு ஆள் பலம்.

1978 அக்டோபர் 31, செவ்வாய்க்கிழமை. அயர்லாந்தின் லிமரிக் நகரில் தாமண்ட் பார்க் மைதானத்தில், அந்நாட்டின் நான்கு மாகாணங்களுள் ஒன்றான மன்ஸ்டர், ஆல் பிளாக்ஸை எதிர்கொண்டது. கிறிஸ்டி காண்டிலன் ஒரு ட்ரை போட்டார். அன்று ட்ரைக்கு நான்கு புள்ளி. டோனி வார்டு அதற்கான கூடுதல் இரண்டையும் இரண்டு ட்ராப் கோல்களையும் உதைத்தார். 12-0. நியூசிலாந்தால் ஒரு புள்ளிகூட எடுக்க முடியவில்லை. பதினெட்டு ஆட்டங்கள் கொண்ட அந்தப் பயணத்தில் அவர்கள் தோற்றது இந்த ஒன்றில்தான். அயர்லாந்து, வேல்ஸ், இங்கிலாந்து, ஸ்காட்லாந்து என நான்கு டெஸ்டையும் அதே பயணத்தில் முதன்முறையாக வென்று திரும்பினார்கள். ஆனாலும் இந்தப் பயணத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் லிமரிக்கைத்தான் சொல்கிறார்கள். டெஸ்ட் மட்டுமே ஆடும் பயணமாக இருந்தால் இப்படி ஒரு செவ்வாய்க்கிழமைக்கு இடமே இருந்திருக்காது.

நடுவர் விஷயமும் உண்டு. பல ஆண்டுகள் சுற்றுப்பயண டெஸ்டுகளுக்கு உள்நாட்டு நடுவரே ஊதல் பிடித்தார். 1959ஆம் ஆண்டு நியூசிலாந்தின் டனீடினில் லயன்ஸ் நான்கு ட்ரை போட்டு 17 புள்ளி எடுத்தார்கள். நியூசிலாந்து ஒரு ட்ரைகூடப் போடவில்லை. டான் கிளார்க் ஆறு தண்டனை உதைகளை உள்ளே அனுப்ப, ஆட்டம் 18-17 என்று நியூசிலாந்துக்குப் போனது. நடுவர் நியூசிலாந்துக்காரர். அவர் தவறு செய்தார் என்று நான் சொல்ல வரவில்லை. ஊர்ப் போட்டிகளில் விருந்தாளி அணியாகப் போய், முழுநேர ஊதல் ஏன் இன்னும் ஊதப்படவில்லை என்று கைக்கடிகாரத்தைப் பார்த்து நின்ற அனுபவம் எனக்கு உண்டு, அதனால் லயன்ஸின் மனநிலை புரிகிறது. பிற்காலத்தில் மூன்றாம் நாட்டு நடுவர் என்பது வழக்கமாகிவிட்டது.

சுற்றுப்பயணம் அரசியலில் இருந்து தப்பியதும் இல்லை. இனவெறிச் சட்டங்கள் நடப்பிலிருந்த தென்னாப்பிரிக்கா, நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி வீரர்களை ஏற்க மறுத்ததால், நியூசிலாந்து அவர்களை விட்டுவிட்டே அங்கு அணிகளை அனுப்பியது. 1960ஆம் ஆண்டுப் பயணத்தின்போது 'மாவோரி இல்லையேல் பயணம் இல்லை' என்ற முழக்கம் எழுந்தது. பயணம் அப்போதும் நடந்தது. 1970இல் மாவோரிகளுக்குக் 'கௌரவ வெள்ளையர்' என்று ஒரு பட்டத்தைக் கொடுத்து உள்ளே விட்டார்கள். அவமானத்துக்கு மரியாதைப் பெயர் சூட்டுவது எல்லா ஊரிலும் நடப்பதுதான் போலும். 1976இல் ஆல் பிளாக்ஸ் மறுபடி தென்னாப்பிரிக்கா சென்றதைக் கண்டித்து, இருபதுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க நாடுகள் மான்ட்ரியல் ஒலிம்பிக்கைப் புறக்கணித்தன.

1981இல் தென்னாப்பிரிக்க அணி நியூசிலாந்துக்கு வந்தபோது அந்த நாடே இரண்டுபட்டது. ஜூலை 25 அன்று ஹாமில்டனில் நூற்றுக்கணக்கான எதிர்ப்பாளர்கள் வேலியைச் சாய்த்துவிட்டு மைதானத்தின் நடுவில் கைகோத்து நிற்க, ஆட்டம் கைவிடப்பட்டது. செப்டம்பர் 12 அன்று ஆக்லாந்தில் மூன்றாவது டெஸ்ட். ஒரு சிறிய செஸ்னா விமானம் மைதானத்துக்கு மேலே மீண்டும் மீண்டும் தாழப் பறந்து மாவுப் பொட்டலங்களை வீசியது. ஒன்று நியூசிலாந்தின் முன்வரிசை வீரர் கேரி நைட் மீது விழுந்து அவரைச் சாய்த்தது. அவர் எழுந்து ஆடினார். ஆட்டமும் நிற்கவில்லை. காயங்களுக்காகச் சேர்த்த நேரத்தில் ஆலன் ஹியூசன் உதைத்த தண்டனை உதையால் 25-22 என நியூசிலாந்து வென்று தொடரையும் 2-1 என எடுத்தது. மீண்டும் தென்னாப்பிரிக்காவில் ஆல் பிளாக்ஸ் முறையாக ஒரு டெஸ்ட் ஆட 1992ஆம் ஆண்டு ஆகஸ்டு வரை ஆயிற்று.

இப்போது அந்தக் கூலிப் பிரச்சினை. 1995 ஆகஸ்டு வரை ரக்பி யூனியன் வீரர்களுக்கு ஆடுவதற்கு ஊதியம் கிடையாது. விவசாயிகளும் ஆசிரியர்களும் சுரங்கத் தொழிலாளர்களும் மாதக்கணக்கில் வேலையை விட்டுவிட்டுப் பயணம் போனார்கள். 1950 வரை லயன்ஸ் கப்பலில்தான் சென்றார்கள், 1955இல்தான் முதன்முதலாக விமானம். ஊதியம் வந்தபின், சம்பளம் கொடுக்கும் கழகங்கள் வீரர்களை நீண்ட நாள் விட்டுக்கொடுக்க விரும்பவில்லை. உலகக் கோப்பையும் ஆண்டுதோறும் நடக்கும் தொடர்களும் நாட்காட்டியை நிரப்பின. பயணங்கள் சுருங்கின. எவ்வளவு சுருங்கின என்பதை இரண்டு எண்கள் காட்டும். 1957 முதல் 1971 வரை ஆடிய காலின் மீட்ஸ், ஆல் பிளாக்ஸுக்காக ஆடியவை 133 ஆட்டங்கள். அவற்றுள் டெஸ்ட் 55 மட்டுமே. 2001 முதல் 2015 வரை ஆடிய ரிச்சி மெக்கா ஆடியவை 149. அவற்றுள் டெஸ்ட் 148.

எப்போது பார்ப்பது என்பதற்கு நம் மாவட்டத்து விவசாயியின் கணக்கே உதவும். இரண்டு மழையும் பெறும் குமரியில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று நெல்லுக்கு இரண்டு போகம் இருப்பதுபோல, ரக்பிக்கும் ஆண்டுக்கு இரண்டு பருவம். ஜூலையில் வடக்கு நாடுகள் தெற்கே போகும். நவம்பரில் தெற்கு நாடுகள் வடக்கே வரும். இரண்டு அரைக்கோளங்களின் குளிர்காலங்கள் எதிரெதிராக இருப்பதால் வந்த ஏற்பாடு அது. நியூசிலாந்தில் இரவு 7:05க்குத் தொடங்கும் ஆட்டம் நமக்குப் பகல் 12:35. நவம்பரில் கார்டிஃபில் மாலை மூன்று மணிக்குத் தொடங்குவது நமக்கு இரவு 8:30.

மருமகனுக்கு நான் ஒரு பயணத்தை முழுவதுமாகப் பார்க்கச் சொன்னேன், அவன் பார்த்ததும் பழைய முறைக்கு நெருக்கமான ஒன்றாகவே அமைந்தது. ஆண்டி ஃபாரெல் பயிற்சியில், ஜானி செக்ஸ்டன் தலைமையில் சென்ற அயர்லாந்து, 2022இல் மூன்று டெஸ்டுகளோடு, மாவோரி வம்சாவளி வீரர்களின் 'மாவோரி ஆல் பிளாக்ஸ்' அணியுடன் வார நடுவில் இரண்டு ஆட்டங்களையும் வேண்டுமென்றே கேட்டு வாங்கியிருந்தது. ஜூன் 29, ஹாமில்டனில் 32-17 எனத் தோல்வி. ஜூலை 2, ஆக்லாந்தில் முதல் டெஸ்ட், 42-19 எனப் பெரிய தோல்வி. அன்றுதான் அவன் ஐந்து நாள் ஆட்டமா என்று கேட்டதும், அயர்லாந்து தேறாது என்று தீர்ப்பு எழுதியதும். ஜூலை 9, டனீடினில் நியூசிலாந்தின் ஆங்கஸ் டாவாவோ தலையில் மோதியதற்காகச் சிவப்பு அட்டை பெற்று வெளியேற, 23-12 என அயர்லாந்து வென்றது. நியூசிலாந்து மண்ணில் அவர்கள் பெற்ற முதல் வெற்றி அது. ஜூலை 12, மழையில் நனைந்த வெலிங்டனில் இரண்டாம் நிலை வீரர்கள் மாவோரிகளை 30-24 என வென்றார்கள். ஜூலை 16, அதே ஊரில் மூன்றாவது டெஸ்ட் 32-22, தொடர் 2-1.

ஐந்து ஆட்டங்களையும் வரிசையாகப் பார்த்தால்தான் மூன்றாவது சனிக்கிழமையின் எடை தெரியும். செவ்வாய்க்கிழமை ஆடியவர்கள் தங்கள் பங்கை முடித்தபின், சனிக்கிழமை ஆட வேண்டியவர்களுக்குப் பயிற்சியில் எதிரணியாக நிற்கிறார்கள்; எதிராளி எப்படித் தள்ளுவான், எங்கே உதைப்பான் என்பதை நடித்துக் காட்டுவதே அந்த வாரத்தில் அவர்கள் வேலை. ஒரு பயணம் குலைவதும் நிலைப்பதும் இவர்கள் முகம் எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்தது. 2017இல் லயன்ஸ் பயிற்சியாளர், அருகில் இருந்தார்கள் என்பதற்காக மட்டும் ஆறு வீரர்களை மாற்று ஆட்டக்காரர்களாக வரவழைத்தபோது எழுந்த கசப்புக்கும் இதுவே காரணம். தகுதியால் ஏறியவர்களுக்கும் துறைக்குப் பக்கத்தில் நின்றதால் ஏறியவர்களுக்கும் படகில் ஒரே மரியாதை எப்படிக் கிடைக்கும்?

மருமகன் தன் ஊர் அணியில் இரண்டு ஆண்டாக மாற்று ஆட்டக்காரன். வெலிங்டன் ஆட்டம் முடிந்தபின், கோட்டும் டையுமாக ஓரத்தில் நின்று கைதட்டியவர்களைக் காட்டி, "அவங்க டெஸ்ட் ஆடவே இல்லையே மாமா, கணக்குல வருவாங்களா?" என்று கேட்டான். தொப்பிக் கணக்கில் வரமாட்டார்கள். ஆனால் ஆல் பிளாக்ஸும் லயன்ஸும் தங்கள் அணிக்காகக் களமிறங்கிய ஒவ்வொருவருக்கும் வரிசையாக ஓர் எண் வைத்திருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை மட்டும் ஆடிவிட்டு ஊர் திரும்பியவருக்கும் அந்த வரிசையில் ஓர் எண் உண்டு.